ஆண்டிபயாட்டிக் வகைகள் எப்படி வேலை செய்கின்றன, பக்கவிளைவுகள் ஏன் வேறுபடுகின்றன?

பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. இனிப்புநீருக்குக் கிளிக்லசைடு, இரத்த அழுத்தத்துக்குப் பெரின்டோபிரில், கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளை அரசாங்கக் கிளினிக்கில் வாங்கி நெடுங்காலமாகச் சாப்பிட்டு வருகிறார். அண்மையில் சில மாத இடைவெளியில் அவருக்கு மூன்று தடவை ஆண்டிபயாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. முதலில் சைனஸ் தொற்றுக்கு அமோக்சிசிலினும் கிளாவுலனேட்டும் கலந்த மாத்திரை தந்தார்கள். நாள் முழுக்க வயிற்றுப்போக்கு. அடுத்துச் சிறுநீர்த் தொற்றுக்குச் சிப்ரோஃப்ளோக்சசின் தந்தார்கள். அதைச் சாப்பிட்ட நாள்களில் ஒரு நாள் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, சர்க்கரை அளவு லிட்டருக்கு 3.4 மில்லிமோலுக்கு இறங்கிவிட்டது. அதோடு குதிகாலுக்கு மேலே வலிப்பதாகவும் சொன்னார். இன்று இருமலுக்காக வேறொரு கிளினிக்கில் கிளாரித்ரோமைசின் தந்திருக்கிறார்கள், இன்னும் தொடங்கவில்லை.

எல்லாமே கிருமியைக் கொல்லும் மருந்துதானே, அப்படியிருக்க ஒவ்வொன்றுக்கும் ஏன் வேறு வேறு தொல்லை வருகிறது என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

ஜார்ஜ்டவுன் மருந்தாளுநர் எழுதியது:

சகோதரி, விளக்கம் பிறகு இருக்கட்டும். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கிளாரித்ரோமைசினையும் சிம்வாஸ்டாட்டினையும் ஒரே காலத்தில் சாப்பிடக் கூடாது. அந்தக் கிளினிக்கை இப்போதே தொலைபேசியில் அழைத்து, அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் சொல்லுங்கள். கொழுப்பு மாத்திரையை இந்த மருந்து முடியும்வரை நிறுத்தி வைப்பதா, ஆண்டிபயாட்டிக்கையே மாற்றுவதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சிம்வாஸ்டாட்டினைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியைக் கிளாரித்ரோமைசின் முடக்கிவிடுகிறது. அதனால் கொழுப்பு மாத்திரை இரத்தத்தில் பன்மடங்கு தேங்கி, தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவுப் பொருள் சிறுநீரகத்தை அடைக்கும் நிலைவரை போகலாம். தசை வலியும் தேநீர் நிறத்தில் சிறுநீரும் அதன் அடையாளங்கள். எரித்ரோமைசினுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த அசித்ரோமைசினுக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

குதிகால் வலியையும் தள்ளிப்போடாதீர்கள். சிப்ரோஃப்ளோக்சசின் சேர்ந்த ஃப்ளோரோகுவினோலோன் வகை, தசைநாண்களைப் பாதிக்கும் என்பது நன்கு அறியப்பட்டது. குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் தசைநாண்தான் பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. மருந்து முடிந்து சில மாதங்கள் கழித்துக்கூட அது அறுந்துபோக வாய்ப்புண்டு. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து அதிகம். வலி இருக்கும்வரை அம்மா அந்தக் காலுக்கு ஓய்வு தர வேண்டும், தேய்த்துவிடுவதும் இழுத்துப் பிடிப்பதும் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். இனிமேல் எந்தக் கிளினிக்கிற்குப் போனாலும் "சிப்ரோஃப்ளோக்சசினில் தசைநாண் வலியும் சர்க்கரைத் தாழ்வும் வந்தன" என்று வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

கிளினிக்கில் பேசிவிட்டேன், ஐயா. மருந்தை மாற்றித் தருவதாகச் சொல்லி நாளை காலை வரச் சொன்னார்கள். மிக்க நன்றி. சர்க்கரை இறங்கியதற்கும் அந்த மருந்துதான் காரணமா? முந்தைய இரவு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஜார்ஜ்டவுன் மருந்தாளுநர் எழுதியது:

இரண்டும் சேர்ந்திருக்கலாம். கிளிக்லசைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. ஃப்ளோரோகுவினோலோன் மருந்துகளும் கணையத்தின் அதே செல்களைத் தூண்டக்கூடியவை. இரண்டு தூண்டுதலும் ஒன்றுசேர்ந்து, சாப்பாடும் குறைந்துவிட்டால், முதியவர்களுக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு தசைநாண் குறித்து 2008இல் மிகக் கடுமையான எச்சரிக்கையை இவ்வகை மருந்துகளின் மீது பதித்தது. 2018இல் சர்க்கரைத் தாழ்வு பற்றிய எச்சரிக்கையை வலுப்படுத்தியது. நம் மலேசியாவில் இந்தியரிடையே இனிப்புநீர் மிக அதிகம் என்பதால், இந்தச் செய்தி நம் ஆள்கள் எல்லாரிடமும் போய்ச் சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரு மருந்து கிருமியைக் கொன்றுவிட்டு மனிதனை விட்டுவைக்க வேண்டுமானால், கிருமியிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்றை, அல்லது நம்மிடம் வேறு வடிவில் உள்ள ஒன்றை அது தாக்க வேண்டும். அந்த வேறுபாடு எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு மருந்து பாதுகாப்பானது. வேறுபாடு சிறுத்துப் போகிற இடத்தில் நம் செல்களும் கொஞ்சம் அடி வாங்குகின்றன. எல்லாப் பக்கவிளைவுகளையும் இதைக் கொண்டே விளக்கிவிட முடியாது. ஒவ்வாமை வேறு வழியில் வருகிறது, மருந்துகளின் மோதல் வேறு வழியில் வருகிறது. ஆனால் இங்கிருந்து தொடங்கினால் மற்றவை எளிதாகப் புரியும்.

வேறுபாடு மிகப் பெரிதாக இருப்பது செல்சுவரில். பாக்டீரியாவைச் சுற்றிப் பெப்டிடோகிளைக்கன் என்ற உறுதியான சுவர் உண்டு; மனிதச் செல்களுக்குச் சுவரே கிடையாது. லண்டனில் 1928இல் ஃப்ளெமிங் கண்ட பெனிசிலினும், அதன் வழிவந்த அமோக்சிசிலின், குளோக்சசிலின் ஆகியவையும், செஃபலெக்சின், செஃபுரோக்சிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின்களும், மருத்துவமனையில் ஊசியாக மட்டும் ஏற்றப்படும் மெரோபெனமும் பீட்டா-லாக்டம் என்ற ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை. வளரும் பாக்டீரியா தன் சுவரின் இழைகளைக் குறுக்காகப் பிணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். செங்கல் வரிசைகளுக்கு இடையே சாந்து பூசும் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்வதைப் போல, இம்மருந்துகள் அந்தப் பிணைப்பைச் செய்யும் நொதியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகின்றன. சுவர் பலவீனமாகி, உள்ளழுத்தம் தாங்காமல் பாக்டீரியா வெடித்துவிடுகிறது.

தாக்கும் இடமே நம் உடலில் இல்லாததால்தான் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இவை முதலில் எழுதப்படுகின்றன. ஆனால் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கும் சுவர் உண்டல்லவா? அவையும் சேர்ந்து அழிவதால்தான் வயிற்றுப்போக்கு வருகிறது. கிளாவுலனேட் சேர்ந்தால் அது இன்னும் அதிகம். சில பாக்டீரியாக்கள் அமோக்சிசிலினை உடைக்கும் நொதியைத் தயாரிக்கின்றன. கிளாவுலனேட் அந்த நொதிக்குத் தன்னையே பலியாகக் கொடுத்து அமோக்சிசிலினைக் காப்பாற்றுகிறது. தானாக அது கிருமியைப் பெரிதாகக் கொல்வதில்லை, ஆனால் குடலை வேகமாக அசைய வைக்கிறது. சாப்பாட்டின் முதல் கவளத்தோடு மாத்திரையை விழுங்கினால் தொல்லை ஓரளவு குறையும். இந்தக் கலவையில் அரிதாகக் கல்லீரலும் பாதிக்கப்படும். மருந்து முடிந்து சில வாரங்கள் கழித்துக்கூடக் கண் மஞ்சளாகலாம் என்பதால் பலர் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

இருமலுக்கு ஏன் வேறு வகை தருகிறார்கள் என்பதற்கும் இதிலேயே விடை உண்டு. மைக்கோபிளாஸ்மா என்ற நுரையீரல் கிருமிக்குச் செல்சுவரே இல்லை. சுவரைத் தாக்கும் மருந்தை எத்தனை நாள் கொடுத்தாலும் அதனிடம் பலிக்காது. கிளாரித்ரோமைசின், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்றவைதான் உதவும். சளியும் இருமலும் பெரும்பாலும் வைரசால் வருபவை, அவற்றுக்கு எந்த ஆண்டிபயாட்டிக்கும் தேவையில்லை என்பதையும் இங்கேயே பதிந்துவைக்கிறேன்.

கிள்ளான் தாய் எழுதியது:

எனக்குச் சிறு வயதில் பெனிசிலின் சாப்பிட்டபோது உடம்பெல்லாம் தடித்துப்போனதாக என் அம்மா சொல்வார். அன்றிலிருந்து எல்லா இடத்திலும் "பெனிசிலின் ஒவ்வாமை" என்றே எழுதி வருகிறார்கள். செஃபலோஸ்போரினும் அதே குடும்பம் என்று சொல்லிவிட்டீர்கள். அப்படியானால் அதையும் நான் தொடவே கூடாதா? இன்னொன்று: என் நான்கு வயது மகனுக்கு அமோக்சிசிலின் பொடி தந்து வீட்டில் கலக்கச் சொன்னார்கள். சரியாகக் கலந்தேனா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் இருக்கிறது.

ஜார்ஜ்டவுன் மருந்தாளுநர் எழுதியது:

பெனிசிலின் உடலிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது. அப்படி ஒட்டிய புரதத்தை நம் நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியப் பொருளாகக் கருதும்போது ஒவ்வாமை உண்டாகிறது. உடனே முகம் வீங்குவது, மூச்சு அடைப்பது, இரத்த அழுத்தம் சரிவது ஆகியவை உயிருக்கு ஆபத்தானவை. அப்படி வந்தவர்கள் அந்த மருந்தை மறுபடியும் தொடக் கூடாது. ஆனால் குழந்தைப் பருவத்துத் தடிப்புகளில் பல, அப்போதிருந்த வைரஸ் காய்ச்சலாலேயே வந்தவை. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தாக்கியிருக்கும்போது அமோக்சிசிலின் கொடுத்தால் உடம்பெங்கும் சிவந்து தடிக்கும். அது நிரந்தர ஒவ்வாமை ஆகாது. பெனிசிலின் ஒவ்வாமை என்று குறிக்கப்பட்டவர்களை முறையாகப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேர்போல அதைப் பத்திரமாகச் சாப்பிட முடிகிறது.

ஆகவே உங்களுக்கு என்ன நடந்தது, மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, மருத்துவமனையில் சேர்த்தார்களா என்பதையெல்லாம் அம்மாவிடம் கேட்டு எழுதிவைத்து, ஒவ்வாமையைப் பரிசோதிக்கும் மருத்துவமனைக்கு அனுப்புமாறு உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். அந்த முத்திரை இருக்கும்வரை உங்களுக்குக் கிடைப்பதெல்லாம் இரண்டாம் தர மருந்தாகவோ அதிகப் பக்கவிளைவு உள்ள மருந்தாகவோ இருக்கும். செஃபலோஸ்போரின் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒவ்வாமையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மூலக்கூறின் பக்கச் சங்கிலி. செஃபலெக்சினின் சங்கிலி, பெனிசிலின் வகையைச் சேர்ந்த ஆம்பிசிலினுடையதை ஒத்திருப்பதால் கவனம் தேவை. செஃப்ட்ரியாக்சோனின் சங்கிலி வேறு. முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

குழந்தையின் மருந்துக்கு வருகிறேன். முதலில் குப்பியை மூடியபடியே தட்டி, அடியில் இறுகிக் கிடக்கும் பொடியை உதிர்த்துவிடுங்கள். கொதித்து நன்றாக ஆறிய நீரைக் குறிக்கப்பட்ட கோட்டுக்குப் பாதிவரை ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு மீதி நீரைக் கோடு வரை ஊற்றி மறுபடியும் குலுக்குங்கள். நுரையின் உச்சியைக் கோடு என்று எண்ணி நிறுத்திவிட்டால் நீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். மேலே தெளிந்தும் அடியில் வண்டலுமாகப் பிரிவது இயல்பு என்பதால் ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாள்களில் குழந்தைக்கு வெறும் இனிப்பு நீரும் கடைசி நாள்களில் அளவுக்கு மீறிய மருந்தும் போய்ச் சேரும். தேக்கரண்டியால் அளக்காமல் மருந்தகத்தில் தரும் ஊசியில்லாத சிரிஞ்சால் அளங்கள். கலந்த தேதியைக் குப்பியின் மீது எழுதி, லேபிளில் உள்ள நாள் கணக்கு முடிந்ததும் மீதியைக் கொட்டிவிடுங்கள்.

நுண்ணுயிரியல் மாணவி எழுதியது:

வணக்கம். பினாங்கில் நுண்ணுயிரியல் படிக்கிறேன். ஐயா அனுமதித்தால் ரிபோசோம் பற்றி நான் எழுதுகிறேன்; என் ஆய்வுப் பாடம் அதைச் சார்ந்தது.

புரதம் தயாரிக்கும் ரிபோசோம் பாக்டீரியாவுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. பாக்டீரியாவினுடையது 70எஸ் அளவுடையது (எஸ் என்பது துகள் படியும் வேகத்தைக் குறிக்கும் அலகு; துண்டுகளின் எண்களைக் கூட்டினால் முழுமையின் எண் வராது). 30எஸ், 50எஸ் என இரு துண்டுகளால் ஆனது. மனிதச் செல்லில் இருப்பது 80எஸ். இந்த வேறுபாடு போதும் என்று முதலில் தோன்றும். ஆனால் நம் செல்களுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழங்காலத்தில் பாக்டீரியாவாக இருந்து செல்லுக்குள் குடிபுகுந்தது என்பதே அறிவியலாளர்கள் ஏற்றுக்கொண்ட விளக்கம். அதற்குத் தனியாக உள்ள ரிபோசோம் பாக்டீரியாவினுடையதை நிறைய ஒத்திருக்கிறது. பாக்டீரியாவின் ரிபோசோமைக் குறிவைக்கும் மருந்துகளில் சில, அதிக அளவிலோ நெடுநாளோ கொடுக்கப்படும்போது நம் மைட்டோகாண்ட்ரியாவையும் சீண்டுவது அதனால்தான். லினசோலிட் என்ற மருந்தை இரண்டு வாரங்களுக்கு மேல் கொடுத்தால் இரத்தத் தட்டணுக்கள் குறையலாம், வாரம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஜென்டாமைசின், அமிக்காசின், காசநோய்க்கு முதல் மருந்தாக 1943இல் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவை அமினோகிளைக்கோசைடு வகை. இவை 30எஸ் துண்டில் ஒட்டி, மரபுச் செய்தியைத் தவறாகப் படிக்க வைக்கின்றன. தவறான புரதங்கள் சவ்வில் போய்ச் சேர்ந்து, சவ்வு ஓட்டையாகிப் பாக்டீரியா இறக்கிறது. இவற்றின் தொல்லை எங்கே தேங்குகின்றன என்பதைப் பொறுத்தது. சிறுநீரகக் குழாய்ச் செல்களும் உட்செவியின் நுண்மயிர்ச் செல்களும் இம்மருந்தை உள்ளே இழுத்துச் சேமித்துக்கொள்கின்றன. சிறுநீரகச் செல்கள் பெரும்பாலும் மறுபடியும் வளர்ந்துவிடும். செவியின் மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாற்றத்தைத் தாயிடமிருந்து பெற்றவர்களுக்குச் சாதாரண அளவிலேயே காது கேளாமல் போகக்கூடும். ஆகவே அம்மா வழி உறவினர் எவருக்கேனும் ஊசிக்குப் பிறகு செவித்திறன் போயிருந்தால் அதை மருத்துவரிடம் சொல்வது மிக முக்கியம். வார்டில் அடுத்த வேளை ஊசிக்கு முன்பு தாதி இரத்தம் எடுப்பதும், முந்திய வேளை மருந்து உடலைவிட்டு இறங்கிவிட்டதா என்று பார்ப்பதற்கே.

தோட்டத்து டிரசர் மகன் எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டு வரும்போது ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குளோராம்ஃபெனிக்கோல் என்ற மருந்தின் வரலாற்றில் நம் கோலாலம்பூருக்குப் பெரிய இடம் உண்டு. தோட்டங்களில், குறிப்பாகப் புல்லும் புதரும் மண்டிய செம்பனைத் தோட்டங்களில், சிற்றுண்ணி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் நம் தொழிலாளர்களை வாட்டியது. ஜோசப் ஸ்மேடல் தலைமையில் அமெரிக்க இராணுவ மருத்துவக் குழு ஒன்று 1948இல் கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திற்கு வந்து, அதற்கு முந்திய ஆண்டு வெனிசுவேலா மண்ணிலிருந்து கண்டறியப்பட்டிருந்த இம்மருந்தை அந்தக் காய்ச்சலுக்குச் சோதித்துப் பார்த்தது. டைஃபஸ் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்கு உண்மையில் இருந்தது டைஃபாய்டு என்று பிறகு தெரியவந்தது, அவர்களும் குணமாகியிருந்தார்கள். அதுவரை டைஃபாய்டுக்கென்று மருந்தே கிடையாது. உலகத்துக்கு அந்தச் செய்தி நம் ஊரிலிருந்துதான் போனது.

என் தந்தையார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தார். அவருடைய மருந்து அலமாரியில் அந்த மருந்து இருந்தது. பிற்காலத்தில் அதைத் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டார். ஏன் என்று யாராவது சொல்ல முடியுமா?

ஜார்ஜ்டவுன் மருந்தாளுநர் எழுதியது:

அருமையான செய்தி, நன்றி. அம்மருந்து 50எஸ் துண்டில் ஒட்டிப் புரதச் சங்கிலி நீள்வதைத் தடுக்கிறது. மாணவி சொன்ன மைட்டோகாண்ட்ரியக் காரணத்தால் எலும்பு மஜ்ஜை அடங்கிப்போவது ஒரு வகைத் தொல்லை. மருந்தை நிறுத்தினால் அது சரியாகிவிடும். அதைவிடக் கொடியது ஏபிளாஸ்டிக் அனீமியா. பல ஆயிரம் பேரில் ஒருவருக்கு, எவருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி, மஜ்ஜை முற்றிலும் வற்றிவிடும். மருந்தை நிறுத்தியும் திரும்பாது. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு இதைச் சிதைக்கும் ஆற்றல் போதாததால், அளவு மீறினால் உடல் சாம்பல் நிறமாகிச் சுருண்டுவிடும். பாதுகாப்பான வேறு மருந்துகள் வந்தபின் உங்கள் தந்தையார் அதை ஒதுக்கியது பொறுப்பான செயல். இன்று பெரும்பாலும் கண் சொட்டு மருந்தாகவே இதைப் பார்க்கிறோம்.

ஸ்க்ரப் டைஃபஸுக்கும் எலிச் சிறுநீர்க் காய்ச்சலுக்கும் இப்போது டாக்சிசைக்ளின் கைகொடுக்கிறது. டெட்ராசைக்ளின் வகையைச் சேர்ந்த இது 30எஸ் துண்டில் அமினோ அமிலங்கள் வந்து சேரும் வாசலை மறிக்கிறது. இவ்வகை மருந்துகள் கால்சியத்தோடும் இரும்போடும் பற்றிக்கொள்ளும். வளரும் பற்களில் படிந்து நிரந்தரக் கறையை உண்டாக்குவதால் எட்டு வயதுக்கு உள்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். இரும்புச் சத்து மாத்திரையோடும் வயிற்றெரிச்சல் மருந்தோடும் சேர்த்து விழுங்கினால் குடலிலேயே கட்டுண்டு பயனற்றுப் போகும். சிப்ரோஃப்ளோக்சசினுக்கும் அதே கதைதான். டின் பால் ஊற்றிய தே தாரிக்கோடு அதை விழுங்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வெறும் நீரே போதும்.

டாக்சிசைக்ளினை இரவில் படுக்கப் போகும்போது ஒரு மிடறு நீரில் விழுங்கக் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்குவதே நெஞ்சைப் பிளக்கும். ஒரு குவளை நிறைய நீர் குடித்துவிட்டு அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலில் தோல் எளிதில் கருகும் என்பதால், நம் ஊர் வெயிலில் நீண்ட கைச்சட்டையும் தொப்பியும் அவசியம்.

கிளாரித்ரோமைசினைப் போலவே மாக்ரோலைடு வகையைச் சேர்ந்த எரித்ரோமைசின் வயிற்றைப் பிசைவதற்கும் தெளிவான காரணம் உண்டு. குடலை அசைக்கும் மோட்டிலின் என்ற ஹார்மோனின் ஏற்பியை அது தூண்டுகிறது. வயிறு மந்தமாகிப்போன நோயாளிகளுக்கு அதற்காகவே சிறிய அளவில் அதைக் கொடுப்பதும் உண்டு. இதயத் துடிப்பின் மின் இடைவெளியை நீட்டும் தன்மை மாக்ரோலைடுக்கும் ஃப்ளோரோகுவினோலோனுக்கும் பொது. இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் அதைச் சொல்லியே மருந்து வாங்க வேண்டும்.

செபராங் பிறை ஆசிரியர் எழுதியது:

இவ்வளவு தொல்லைகளைப் படித்தபின் ஒரு கேள்வி. தொல்லை வந்தால் இடையில் நிறுத்தலாமா? நிறுத்தினால் கிருமி பலம் பெற்றுவிடும், கொடுத்ததைக் கடைசி மாத்திரைவரை முடித்தே ஆக வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

நுண்ணுயிரியல் மாணவி எழுதியது:

ஐயா, மருத்துவர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும் என்பது சரி. ஆனால் நீண்ட நாள் சாப்பிடுவதுதான் எதிர்ப்பாற்றலைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் குறைவு. மருந்து உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் குடலிலும் தோலிலும் உள்ள மற்றப் பாக்டீரியாக்களில் எதிர்ப்பாற்றல் கொண்டவையே பிழைத்துப் பெருகுகின்றன. விரைவில் தேறிவரும் சாதாரண நிமோனியா நோயாளிக்கு ஐந்து நாள் போதும் என்று இன்றைய வழிகாட்டிகள் சொல்கின்றன.

ஜார்ஜ்டவுன் மருந்தாளுநர் எழுதியது:

மாணவி சொல்வதை ஏற்கிறேன். அதே மூச்சில் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். காசநோய்க்கு ஆறு மாதம் என்றால் ஆறு மாதம்தான். மண்ணிலும் சேற்றிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நம் நாட்டில் உண்டு, இனிப்புநீர் உள்ளவர்களை அது அதிகம் தாக்குகிறது. அந்த நோய்க்குப் பெயர் வைத்தவர்களே கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டான்டனும் ஃப்ளெட்சரும்தான். அதற்குச் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசியைக் குறைந்தது பத்து முதல் பதினான்கு நாளாவது ஏற்றிய பிறகு, கோட்ரைமாக்சசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டும். பாதியில் விட்டால் நோய் திரும்பிவிடும். எனவே எத்தனை நாள் என்பது நோயைப் பொறுத்தது, அதை நோயாளி தன் விருப்பப்படி கூட்டவோ குறைக்கவோ கூடாது. ஆனால் தோல் கொப்பளித்தல், வாய் வெந்துபோதல், மூச்சு அடைத்தல், கண் மஞ்சளாதல், தசைநாண் வலி, நாளுக்குப் பலமுறை நீராகப் பேதி ஆகியவை வந்தால் அடுத்த வேளையை விழுங்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். "முடித்தே ஆக வேண்டும்" என்று இவற்றையும் பொறுத்துக்கொண்டு ஆபத்தை விலைக்கு வாங்கியவர்கள் உண்டு. உங்கள் மாணவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஐயா.

பேதியைச் சேர்த்ததற்குக் காரணம், குடலின் நல்ல பாக்டீரியா அழிந்த இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகிப் பெருங்குடலை ரணமாக்கிவிடும். கிளின்டாமைசினுக்கு இதில் கெட்ட பெயர் அதிகம். மற்ற வகைகளுக்கும் இது வரும், மருந்து முடிந்த பிறகும் வரும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி எழுதியது:

கோட்ரைமாக்சசோல் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்குச் சிறுநீர்த் தொற்று திரும்ப வந்தால் சிப்ரோஃப்ளோக்சசினுக்குப் பதிலாக அதைத் தருவார்களா? அதில் என்ன பார்க்க வேண்டும்?

ஜார்ஜ்டவுன் மருந்தாளுநர் எழுதியது:

முதலில் சிறுநீரை வளர்ப்புப் பரிசோதனைக்கு அனுப்பி, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்று பார்ப்பதே முறை. கோட்ரைமாக்சசோலில் இரண்டு மருந்துகள் உண்டு. பாக்டீரியா ஃபோலேட்டைத் தானே தயாரித்துக்கொள்ளும். நாம் உணவிலிருந்து பெறுகிறோம். அந்தத் தயாரிப்பில் ஒரு படியைச் சல்ஃபாவும் அடுத்த படியை ட்ரைமெத்தோப்ரிமும் அடைக்கின்றன. அம்மாவுக்கு இதில் இரண்டு கவலைகள் உண்டு. ட்ரைமெத்தோப்ரிம் சிறுநீரகத்தில் பொட்டாசியம் வெளியேறுவதைத் தடுக்கிறது, பெரின்டோபிரிலும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும் அளவுக்கு அது ஏறலாம். சல்ஃபா, கிளிக்லசைடின் வேகத்தையும் கூட்டும். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் சில நாள்களில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். சல்ஃபாவால் தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் அரிதாக வரும். வாயிலோ கண்ணிலோ புண் தோன்றினால் ஒரு வேளையும் தொடரக் கூடாது. ஜி-6-பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இரத்த அணுக்கள் உடையக்கூடும் என்பதால், பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தில் செய்த பரிசோதனை முடிவு குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் இருக்கிறதா என்று எல்லாப் பெற்றோரும் எடுத்துப் பாருங்கள்.

சிறுநீர்ப்பை அளவில் நிற்கும் தொற்றுக்கு நைட்ரோஃபுரான்டோயின் உண்டு. அது சிறுநீரில் செறிந்து அங்கேயே வேலை செய்வதால் உடலின் மற்றப் பகுதிகளை அதிகம் தொடுவதில்லை. சிறுநீர் பழுப்பாவது இயல்பு. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் பயன் தராது. புதிதாக வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கும் ஜி-6-பிடி எச்சரிக்கை பொருந்தும்.

கடைசியாக, பிளாஸ்டிக் பையில் "ஆண்டிபயாட்டிக்" என்று மட்டும் எழுதித் தந்தால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. நமக்கு வந்த பக்கவிளைவை நாமே அரசாங்கத்துக்குத் தெரிவிக்கலாம். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பொதுமக்களின் அறிக்கைகளையும் பெற்றுக்கொள்கிறது.

புக்கிட் மெர்தாஜாம் மகன் எழுதியது:

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். அப்பாவுக்கு இதய வால்வு அறுவைச் சிகிச்சை ஆனதால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுகிறார். பல் வேரில் சீழ் பிடித்து மெட்ரோனிடசோல் தந்திருக்கிறார்கள். வாயில் இரும்புச் சுவை அடிப்பதாகச் சொல்கிறார். இதில் பயப்பட ஏதாவது இருக்கிறதா?

ஜார்ஜ்டவுன் மருந்தாளுநர் எழுதியது:

இரும்புச் சுவைக்குப் பயப்பட வேண்டாம். மருந்து நின்றதும் போய்விடும். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் கிருமிகளுக்குள் புகுந்ததும்தான் மெட்ரோனிடசோல் செயல்படும் வடிவத்தை அடைந்து, அவற்றின் டி.என்.ஏ.வை அறுக்கிறது. பல் சீழுக்கு அது பொருத்தமானதே. பயப்பட வேண்டியது வார்ஃபரினைப் பற்றித்தான். வார்ஃபரின் சிதைவதை இது தடுப்பதால் இரத்தம் உறையும் தன்மை மிகவும் குறைந்துவிடும். வார்ஃபரின் கிளினிக்கை இன்றே அழைத்து, எந்த மருந்தை எந்த நாளில் தொடங்கினார் என்று சொல்லுங்கள். வார்ஃபரினின் அளவைக் குறைத்து, சில நாள்களுக்குள் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும்) பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். மெட்ரோனிடசோல் முடிந்த பிறகும் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும், ஏனெனில் அப்போது உறைதல் மறுபக்கம் திரும்பும், வால்வுக்கு அதுவும் ஆகாது. ஈறில் நிற்காத கசிவு, காரணமின்றிக் கன்றிய தோல், கறுத்த மலம், திடீர்த் தலைவலி ஆகியவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய், வார்ஃபரின் புத்தகத்தையும் இந்த மாத்திரைப் பையையும் அவர்களிடம் காட்டுங்கள்.